ரப்பிங் சாரும் என் கருநீலச் சுடிதாரும்

திருப்பூரில் யாருடைய சட்டைக்கும் மரியாதை கொடுக்காத ஒரே மனிதர் எங்கள் ரப்பிங் சார்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். சம்பளம் போடுகிறவர்களுக்காவது அது தெரியுமா என்பது சந்தேகம்.

பிளஸ் ஒன் விடுமுறையில், இன்டர்ன்ஷிப் என்று எங்கள் பள்ளியிலிருந்து நான்கு பெண்களை அவிநாசிப் பக்கம் ஒரு சாயப்பட்டறை லேபுக்கு அனுப்பினார்கள். சார்தான் அங்கே இன்சார்ஜ். சாயம் ஒட்டுகிறதா என்று வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பதுதான் ரப்பிங் டெஸ்ட். முதலில் காய்ந்த துணி, பிறகு ஈரத்துணி. வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் அஞ்சு மார்க், அப்பிக்கொண்டால் ஒன்று. இதற்கு லேபில் மெஷினே இருந்தது. சாருக்கு அது போதவில்லை. சட்டைப்பையில் வெள்ளைத் துண்டும், கையில் தண்ணீர் பாட்டிலும் இல்லாமல் அவர் வெளியே கிளம்பியதே கிடையாது.

டீக்கடையில் முன்னால் நிற்பவரின் முதுகைத் தட்டுவார்.

"ஏனுங்க, ஒரு நிமிசம் நில்லுங்க."

அந்த ஆள் திரும்புவதற்குள் தேய்த்து முடித்திருப்பார். "மூணுதானுங்க. வேட்டியோட சேத்துத் தொவைச்சுப் போடாதீங்க."

தன் கல்யாணத்தில் கூரைப்புடவையைத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் தாலியைக் கையில் எடுத்தார் என்று பட்டறையில் சொல்வார்கள். மார்க் குறைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

ஒருநாள் முதலாளி புதுச் சிவப்புச் சட்டையில் வந்தார். காய்ந்த துணியில் ஒன்றும் ஒட்டவில்லை.

"போதும், பாஸ் போடுங்க" என்று நகரப் பார்த்தார்.

"ஈரத்துல தேய்க்காம பாஸ் போட்டா அது பொய்யுங்க."

சார் விடவில்லை. வெள்ளைத் துணி, வெற்றிலை துப்பின மாதிரி ஆனது. அன்று முழுக்க முதலாளி ஏற்றுமதி பனியன் ஒன்றை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மற்ற மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கருநீல யூனிஃபார்ம் சுடிதார் வெளுத்துப்போய், அம்மா பொட்டலச் சாயம் வாங்கி வாளியில் முக்கியெடுத்தது. வேர்த்தால் மணிக்கட்டில் நீல வளையல் விழும்.

"ஏட்டி, யாரு பாக்கப் போறா? போட்டுட்டுப் போ" என்றாள் அம்மா. திருநெல்வேலியிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள் வேறு என்ன சொல்வாள்? சார் வந்தாலே பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிவிடுவேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

கடைசி நாள் எங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர் வந்தார். முதலாளியும் வந்து உட்கார்ந்தார்.

"எங்க, புள்ளைக யூனிஃபார்மையே தேய்ச்சுக் காட்டுங்க பாக்கலாம்" என்றார் முதலாளி.

மூன்று பேருடைய புதுத்துணியும் காய்ந்ததிலும் ஈரத்திலும் அஞ்சு வாங்கியது. அடுத்தது நான். டீச்சர் முன்னால், இந்த மூன்று பேர் முன்னால், எங்கள் வீட்டு வாளிச் சாயம் வெளியே வரப்போகிறது. அப்படியே செத்துப்போகலாம் போல இருந்தது.

"எனக்கு வேண்டாம் சார்" என்றேன்.

சார் என் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சுடிதார் கைய இழுத்து உட்டுக்கோ கண்ணு" என்றார். காய்ந்த துணியை எடுத்து, தூசி தட்டுகிறவர் மாதிரி என் துப்பட்டா நுனியைத் தொட்டார்.

"அஞ்சுங்க. பாஸ்."

"ஈரத்துல?" என்றார் முதலாளி.

"தண்ணி தீந்துபோச்சுங்க."

அவருக்குப் பின்னால் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே பட்டறை முழுக்கத் தொட்டி தொட்டியாகத் தண்ணீர். முதலாளி குழாயைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், டீச்சருக்கு டீ சொல்ல எழுந்து போனார். நான் அழுதேவிட்டேன்.

"பாஸானதுக்குப் போய் யாராச்சும் அழுவாங்களா கண்ணு?" என்றார் சார்.

அந்த மனிதர் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். அதை எனக்காகச் சொன்னார்.