பனிஸ்கூட்டருக்கு வைத்த தேசிக்காய்

சுபா, அரவிந்த், இரண்டு பேரும் கேளுங்கள். இந்த வீட்டில் யார் புது வாகனம் வாங்கினாலும், அது பழைய சைக்கிளாக இருந்தாலும்கூட, "பாஸ் போ சிட்ரோனன், அப்பா!" என்று டெனிஷில் கத்திவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள். தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், கவனமாம். எனக்கே எச்சரிக்கை. நீங்கள் சிரிப்பது அம்மா சொன்ன கதையை வைத்து. அம்மாவுக்கு அதைச் சொன்னவர் தேவா அண்ணை. தேவா அண்ணை சொன்னால் அதில் பாதிதான் நடந்திருக்கும், மீதி அவர் சேர்த்தது. அம்மா அன்று கொழும்பில் இருந்தாள். அதுதான் கதையின் காரணமே. ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைக்கிறேன். (எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஓ.எல். சோதனையை இரண்டு தரம் எடுத்தவன். இரண்டாம் தரமும் அதே பெறுபேறு.)

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. டெனிஷ்காரர் எதைக் கேட்டாலும் "யா" (ஆம்) என்று சொல்லிவிடுவேன். விளங்கினாலும் யா, விளங்காவிட்டாலும் யா. பல் வைத்தியர் "நோகுதோ?" என்று கேட்டபோதும் யா, "நோகவில்லையோ?" என்று கேட்டபோதும் யா. ஊசியை எங்கே போடுவதென்று தெரியாமல் அந்த மனுசன் தடுமாறிப்போனார்.

இதற்கு ஒரு காரணமும் இருந்தது. நான் இக்காஸ்ட் ஊரில் ஒரு துணித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அம்மாவையும் இரண்டு வயது சுபாவையும் இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தேன். எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "பரிசீலனையில் உள்ளது." எங்கள் கோப்புகளை மேலிடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பதும், பிறகு அது பெரிய விசாரணையாகி ஒரு அரசாங்கமே வீட்டுக்குப் போனது என்பதும் உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருப்பார்கள். அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிழை எங்களிடம்தான் என்று நினைத்தோம். கையெழுத்து வடிவில்லையோ? படத்தில் அம்மா சிரிக்காதது பிழையோ? எந்த டெனிஷ்காரருக்கு மனம் கோணினால் எந்தக் கோப்பு இன்னும் கீழே போகுமோ? அதனால்தான் யா, யா, யா.

தொழிற்சாலையில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் யென்ஸ். நல்ல மனுசன். வாய் திறந்தால் தேவைக்கு மேல் ஒரு சொல் வராது. ஒருநாள் மதிய இடைவேளையில் பாண் பெட்டியைத் திறந்துகொண்டே கேட்டார்.

"ஊரிலை என்ன வேலை செய்தனீ?"

"சைக்கிள் கடை."

"அப்ப செயின், பல்லுச்சில்லு எல்லாம் கழட்டிப் பூட்டத் தெரியும்?"

"யா."

"பனிஸ்கூட்டர்?"

"யா."

பனிஸ்கூட்டர் என்றால் பனியில் நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் என்றுதான் நான் நினைத்தேன்.

சனிக்கிழமை அவருடைய வீட்டுக் கராஜுக்குப் போய்ப் பார்த்தால், முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சக்கரம் என்று சொல்ல ஒரு சில்லுமே இல்லை. சில்லு இருக்கவேண்டிய இடத்தில் அகலமான ரப்பர் பட்டி ஒன்று சுற்றிக்கொண்டு கிடந்தது. யுத்த டாங்கி ஒன்று குட்டி போட்டால் இப்படித்தான் இருக்கும். சுவீடன் மலையில் யென்ஸின் தமையனுக்கு ஒரு மரவீடு. அங்கே ஓட்டுவதற்காக எங்கேயோ வாங்கிய பழைய வண்டி. ஆழமான பனியில் ஏறாமல் நின்ற இடத்திலேயே குழி தோண்டுகிறதாம். அதற்குப் பெரிய பல் வைத்த நீளமான புதுப் பட்டி போடவேண்டும். பல்லுச்சில்லுகளையும் மாற்றவேண்டும்.

"ஏலுமோ?" என்றார்.

வேறு என்ன சொல்ல? "யா."

பிள்ளைகளே, மூன்று சனிக்கிழமை பாடுபட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை (பெருமைக்குத்தான்), அந்த வேலையை நான் சரியாகவே செய்தேன். வண்டியைப் பக்கவாட்டில் சரித்து, அடியில் இருந்த சட்டத்தைக் கழற்றி, செயின் பெட்டியின் எண்ணெயை வடித்து, அச்சை வெளியே இழுத்தேன். புதுப் பட்டியின் பல் ஒவ்வொன்றும் என் பெருவிரலின் பாதி உயரம். முதல் தரம் அதைத் திசை மாற்றிப் போட்டுவிட்டேன். பட்டியிலேயே அம்புக்குறி இருந்ததைப் பார்த்ததும் யென்ஸ் வருவதற்குள் கழற்றித் திரும்பப் போட்டேன். பிறகு பல் மேலே தகரத்தில் உரசியது. பட்டியைச் சுழற்றும் உள்சில்லைச் சிறியதாக மாற்றினோம். கடைசியாகச் செயின் பெட்டி. மேலே சின்னப் பல்லுச்சில்லு, கீழே பெரியது. ஓட்டம் குறையும், இழுவை கூடும். மேட்டில் ஏறும் சைக்கிளுக்கும் இதே கணக்குத்தான். யென்ஸ் குனிந்து பார்த்துவிட்டு "நல்லது" என்றார். அவரிடமிருந்து அது ஒரு மேடைப்பேச்சு.

அன்று போகும்போது சொன்னார்: "போல் எண்டு ஒருத்தன் அடுத்த சனி வாறான். நகரசபையிலை இருக்கிறவன். கொப்பன்ஹேகனிலை ஆக்களைத் தெரியும். உன்ரை விண்ணப்பக் கடிதத்தைக் கொண்டுவா. மனுசி, பிள்ளையின்ரை படத்தையும்."

நான் வீட்டுக்கு நடந்து வந்தேனா பறந்து வந்தேனா என்று இன்றும் தெரியாது. அப்போது என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர்தான் உங்களுடைய தேவா மாமா. எனக்கு அவர் தேவா அண்ணை. எல்லாம் தெரிந்தவர். விஷயத்தைச் சொன்னதும் எழும்பி நின்றுவிட்டார்.

"தேசிக்காய் வைச்சனியோ?"

"எதுக்கு அண்ணை?"

"எதுக்கோ? வண்டி புதுசு மாதிரித்தானே இப்ப! பட்டி புதுசு, பல்லுச்சில்லு புதுசு. பெரிய மனுசன் பார்க்க வாறான். உன்ரை மனுசி வாற காரியம் வேறை. தேசிக்காய் வைக்காமல் எடுத்து ஏதும் நடந்தால்?"

"இது ஸ்னோவிலை ஓடுற சாமான் அண்ணை."

"ஏன், ஸ்னோவிலை கண்ணூறு படாதோ?"

கடைக்குப் புறப்பட்டோம். எங்கள் ஊர்ச் சின்னத் தேசிக்காய் அப்போது இக்காஸ்டில் எங்கே கிடைக்கும்? கடையில் கோழிமுட்டையைவிடப் பெரிய மஞ்சள் சாமான்தான் இருந்தது. தோல் தடிப்பு, கல்லுப்போல. நான்கு வாங்கினோம்.

அந்தச் சனிக்கிழமை, ஏழு நாள் மழைக்குப் பிறகு வெயில் எறித்தது. பனி மருந்துக்கும் இல்லை. யென்ஸ் வண்டியைப் புல்வெளிக்கு இழுத்து வந்தார். பனி இல்லாமல் ஓடினால் அடிப்பகுதி சூடேறிவிடும், ஆகவே பத்து மீட்டர் மட்டும் ஓட்டிக் காட்டினால் போதும் என்றார். போல் உயரமான மனிதர். பால் வெள்ளை நிறத்தில் புது மேலங்கி. ஒரு கையில் கோப்பிக் கிண்ணம், மற்றக் கையில் நான் கொடுத்த கடிதம், அதன்மேல் அம்மாவும் சுபாவும் நிற்கிற படம். கடிதத்தை முழுவதும் வாசித்தார். படத்தையும் நன்றாகப் பார்த்தார்.

"உன்ரை மகளோ?"

"யா." அன்று நான் சொன்ன யாக்களில் விளங்கிச் சொன்னது இது ஒன்றுதான்.

இதற்குள் என்னோடு வந்த தேவா அண்ணை வண்டியைச் சுற்றி வந்தார். சில்லுக்கு ஒன்று என்று வைக்கலாமென்றால் சில்லு இல்லையே. சறுக்குக் கட்டைகளுக்கு முன்னால் ஒவ்வொன்று வைத்தார். மற்ற இரண்டையும் என்னிடம் தந்தார்.

"பட்டிக்குப் பின்பக்கமாய் வை. பாரம் முழுக்க அங்கைதான்."

"முன்னுக்கெல்லோ வைக்கிறது அண்ணை?"

"நீ ஏறி இருக்கிறது எங்கை? பின்னுக்குத்தானே? சொன்னதைச் செய்!"

நான் குனிந்து இரண்டு தேசிக்காயையும் பட்டியின் பின்முனையில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் நன்றாக இறுக்கி வைத்தேன். யென்ஸும் அவருடைய மனைவி காரனும் என்ன நடக்கிறது என்று கேட்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். (டெனிஷ்காரரின் மரியாதை அது. அன்று மட்டும் கொஞ்சம் மரியாதை இல்லாமல் கேட்டிருக்கலாம்.) யென்ஸ் போலிடம், "பின்னுக்கு நிண்டு பார், புதுப் பட்டி அங்கையிருந்துதான் வடிவாய்த் தெரியும்" என்றார். போல் பின்னுக்குப் போய் நின்றார்.

கைபிடியில் பெருவிரலால் அமத்துகிற ஒரு கட்டை இருக்கும். அமத்தினால் வண்டி போகும். மெல்லமாக அமத்தவேண்டும் என்று யென்ஸ் சொன்னதும் நான் "யா" என்றேன். பிறகு பிள்ளையாரை நினைத்துக்கொண்டு முழுவதும் அமத்தினேன்.

இழுவை கூடியிருந்தது என்று சொன்னேன் அல்லவா? வண்டி எருமைக்கடா கயிறறுத்த மாதிரிப் பாய்ந்தது. பின்னால் "டொக்" என்று ஒரு சத்தம். அது முதலாவது தேசிக்காய், போலின் நெற்றியில். இரண்டாவது கோப்பிக் கிண்ணத்தில். அதற்குப் பிறகு போனது புல்வெளி. ஒரு கிழமை மழை குடித்த மண்ணை, என் மூன்று சனிக்கிழமை உழைப்பு வாரி வாரி அந்த மனுசன் மேல் எறிந்தது. இதொன்றையும் நான் பார்க்கவில்லை. பயத்தில் கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது காரனின் வேலிச்செடிகளுக்குள்ளால் அடுத்த வீட்டு வளவுக்குள் வந்திருந்தேன். அந்த வீட்டுக் கிழவர் முட்டைக்கோவாப் பாத்தியில் நின்றபடி "வணக்கம்" என்றார். நானும் சொன்னேன்.

திரும்பி நடந்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான இருபது மீட்டர் இல்லை. போல் நின்ற இடத்திலேயே நின்றார். தலையிலிருந்து சப்பாத்துவரை சேறு, நடுவில் இரண்டு நீலக் கண்கள், நெற்றியில் ஒரு புடைப்பு. கடிதம் சேற்றில் ஊறித் தொங்கியது. படத்தில் அம்மாவின் முகமும் தெரியவில்லை, சுபாவின் முகமும் தெரியவில்லை. முடிந்தது, இனி அவர்கள் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் கோப்பைக் கெடுக்க வேறு யாரும் வேண்டாம், நான் ஒருவனே போதும்.

போல் மெல்லக் குனிந்து தேசிக்காயை எடுத்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

எனக்கிருந்த டெனிஷில் சொன்னேன்: "விபத்து வராமல் இருக்க."

போல் தன் நெற்றிப் புடைப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"வேலை செய்யுதோ?" என்று கேட்டார்.

எனக்கு வந்தது ஒரே சொல்தான். "யா."

முதலில் காரன் சிரித்தாள். பிறகு யென்ஸ். பிறகு அந்தச் சேற்றுக்குள் எங்கேயோ ஒரு வாய் திறந்து சிரித்தது. ஆனால் சிரிக்குமுன்னே அவர் ஒன்று செய்தார், அதைத் தேவா அண்ணை உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார். தன் முகத்தைத் துடைக்கவில்லை. மேலங்கியின் உள்பக்கத்தைப் பிரித்து, சேறு படாத துணியால், முதலில் சுபாவின் முகத்தைத் துடைத்தார், பிறகு அம்மாவின் முகத்தை.

யென்ஸ் கிழிபட்ட புல்வெளியைக் கன நேரம் பார்த்தார். வெங்காயத்துக்குப் பாத்தி வெட்டினதுபோல நேராகக் கிடந்தது. "இழுக்குது" என்றார். அவ்வளவுதான். அடுத்த வருடம் அந்த இடத்தில் உருளைக்கிழங்கு நட்டார்.

போல் கொப்பன்ஹேகனுக்கு எழுதினார். ஒரு தரம் அல்ல, நான்கு தரம். நான்கு தரமும் "பரிசீலனையில் உள்ளது" என்றே பதில் வந்தது. நகரசபைக்காரருக்கும் எனக்கு வந்த அதே பதில்தான் என்று கண்டபோதுதான், பிழை என் கையெழுத்தில் இல்லை என்று எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து யா சொல்வதும் கொஞ்சம் குறைந்தது. கோப்புகள் அசையத் தொடங்கியது அதற்கும் பிறகு கன காலம் கழித்து. அதுவரைக்கும் அவர் யென்ஸைக் காணும்போதெல்லாம் கேட்பாராம், "தேசிக்காய்க்காரன்ரை மனுசி வந்திட்டாவோ?"

கடைசியில் திகதி வந்தது. கொப்பன்ஹேகனில் இறங்கி, ரயிலில் வைலே ஸ்டேஷனுக்கு வருவார்கள், அங்கே நான் காரில் போய்க் கூட்டிவரவேண்டும். நான் ஒரு பழைய கார் வாங்கி இரண்டு நாள். அவர்கள் வருவதற்கு முதல்நாள் வேலையில் யென்ஸ் என்னிடம் ஒரு வலைப்பையை நீட்டினார். உள்ளே தேசிக்காய்கள். "போல் தந்தவன்" என்றார்.

அடுத்தநாள் தேவா அண்ணை தானும் வாறன் என்று நின்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலையில் தனியாகக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். முன்சில்லு இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு தேசிக்காய் வைத்தேன். கதவைத் திறந்தேன். திரும்ப மூடினேன். காரைச் சுற்றிப் பின்பக்கம் போய், இடப்பக்கம் பார்த்து, வலப்பக்கம் பார்த்து, குனிந்து காரின் அடியிலும் பார்த்தேன். பின்னால் ஒருவரும் நிற்கவில்லை. பிறகுதான் ஏறி இருந்து, மெல்ல, மிக மெல்ல அமத்தினேன்.