இரண்டு பேர் அழுத்த வேண்டிய பொத்தான்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இவ்விடம் யாவரும் நலம் என்று தொடங்கித்தான் பழக்கம்; இந்தத் தடவை அந்த வரியைத் தாண்டிப் போகிறேன். அங்கே நீங்களும் என் மகளும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் உங்கள் அத்தையின் கட்டிலை விட்டு என்னால் நகர முடியவில்லை. பக்கவாதத்தில் பேச்சும் வலது கையும் போனதிலிருந்து அவளுக்குக் காது மட்டும் ரொம்பக் கூர்மையாகிவிட்டது.

போன வருஷம் எங்கள் சாப்பாட்டு மேசையில் நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? பங்குச் சந்தை உச்சியில் நிற்கிறது, எல்லாமே விலை அதிகம், இருப்பதை ஒரே இடத்தில் கொட்டாமல் பங்கில் கொஞ்சம், கடன் பத்திரத்தில் கொஞ்சம், தங்கத்தில் கொஞ்சம், ரொக்கமாகக் கொஞ்சம் என்று பிரித்து வையுங்கள், விழுந்தால் பதறி விற்காதீர்கள் என்றீர்கள். ஒழுங்காகப் பிரித்தேன். பதறாமல் இருப்பதற்குத்தான் மூளையைச் செலவழித்தேன். தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் இல்லையா? தகடு வெட்டும் இயந்திரத்துக்கு இரண்டு பொத்தான் வைத்து, இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினால்தான் ஓடும் என்று செய்தவன் நான். அதற்கப்புறம் அங்கே யாருக்கும் விரல் போகவில்லை. அதே மாதிரி பங்கு நிதி, பத்திர நிதி எல்லாவற்றையும் எங்கள் இருவர் பெயரிலும் போட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அதோடு விட்டேனா? "சந்தை விழுந்தா நான் உன் கால்ல விழுந்து அழுதாலும் நீ கையெழுத்துப் போடக் கூடாது" என்று அவளிடம் சத்தியம் வேறு வாங்கினேன்.

அவள் விழுந்த அதே வாரம் சந்தையும் விழுந்தது. ஆஸ்பத்திரியில் ரொக்கம் முதலில் கரைந்தது, தங்கம் பின்னாலேயே போனது. கைக்கும் நாக்குக்கும் பயிற்சி கொடுக்கிற இடத்தில் இப்போதே சேர்த்தால் பேச்சு திரும்பலாம், தள்ளிப்போட்டால் கஷ்டம் என்று டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஆக, மிச்சத்தை விற்க வேண்டும். கைநாட்டு போதுமாம். நிதி அலுவலகத் தம்பி மைப்பெட்டியோடு வார்டுக்கே வந்துவிட்டார், சாட்சிக்கு டாக்டரும் நின்றார். இவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அவ்வளவுதான், இடது கையை இறுக்கி மூடிக்கொண்டாள். சந்தை விழுந்ததுக்குத்தான் அழறேன்னு நினைச்சுட்டா மாப்பிள்ளை. இது உன் வைத்தியத்துக்கும்மா, சந்தைக்கு இல்லம்மான்னு நான் சொல்லச் சொல்ல, அந்தத் தம்பி பாவம் மைப்பெட்டியை நீட்டிக்கிட்டே நிக்கிறார், நான் ஒரு விரலைப் பிரிச்சா இன்னொண்ணு மூடிக்குது, போதும் விடுங்கன்னு டாக்டர் என் தோளைப் பிடிச்சு இழுக்கிறார், கடைசியில எங்க மூணு பேர் மேலயும் மை, அவ விரல்ல மட்டும் இல்ல. கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சு எதையும் கேட்காதவள், நேரம் பார்த்து இந்த ஒன்றைக் கேட்டிருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

மாப்பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்பது அவள் கட்சி. நீங்கள் வந்து எடுத்துச் சொல்லி அந்தக் கையைத் திறக்க வையுங்கள்.

மகளுக்கு என் ஆசி. உங்கள் இருவருக்கும் உடம்பு கெடாமல், உறக்கம் கெடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாதுகாப்பையே பிழைப்பாகக் கொண்டிருந்த
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: நான் எழுதுவதைப் பார்த்துக் காகிதத்தைத் தட்டினாள். முழுவதையும் படித்துக் காட்டினேன். அழாமல் படித்தேன், அதனால்தான் நம்பினாளோ என்னவோ, தானாகவே கையைத் திறந்தாள். அந்தத் தம்பியை வரவழைத்தேன். பிசிறில்லாமல் கைநாட்டு வைத்துவிட்டாள். பாக்கி என் கையெழுத்து ஒன்றுதான். பேனாவை எடுத்தவன், எதற்கும் பார்ப்போமே என்று போனில் விலையைப் பார்த்தேன். நேற்றைவிட இன்னும் கீழே. "திங்கக்கிழமை வாங்க தம்பி, கொஞ்சம் ஏறட்டும்" என்று சொல்லிவிட்டேன். அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடனே கிளம்பி வாருங்கள் மாப்பிள்ளை. நீங்கள் பிடிக்க வேண்டியது அவள் கையை இல்லை, என் கையை.