ஊதாத விசில்

"அந்த விசிலைத் தூக்கித்தான் போடுங்களேன். உள்ள இருந்த உருண்டை எப்பவோ விழுந்துபோச்சு. ஊதினா காத்துதான் வருது," என்றாள் மனைவி, காலையில் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே.

"ஊதுறதுக்கா மாட்டுறேன்? கழுத்து காலியா இருந்தா என்னமோ மாதிரி இருக்கு," என்றார் கணவர். ஆணியிலிருந்து விசிலை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்திலேயே தொங்கிய வீட்டுச் சாவியை வழக்கம்போல மறந்தார். வழக்கம்போல அவள் எடுத்துக்கொண்டாள்.

அவர் ஒரு கால்பந்து கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர். அவள் அதே கிளப்பின் பிசியோ, அடிபட்ட கால்களைத் தேற்றுகிறவள். ஆட்டக்காரர்களுக்கு அவர் அண்ணன், அவள் அக்கா. அன்று மாலை, பயிற்சித் திடலின் ஓரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனிதர் எழுந்திருக்கவில்லை.

அதற்கடுத்த ஆட்டத்தில் கிளப் ஜெயித்தது. எதிரணி பெனால்டியை வானத்துக்கு உதைத்தது ஒரு காரணம். நம் ஆட்கள் அழுதுகொண்டே ஓடியது இன்னொரு காரணம். ஆனால் கிளப் முதலாளிக்கு இதெல்லாம் காரணமாகத் தெரியவில்லை. அன்று அவர் செத்தவரின் விசிலைத் தன் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதுதான் ஜெயித்ததாம்.

அந்த வாரமே ஒருவர் வந்து சேர்ந்தார். கடைகளுக்கு எந்தப் பக்கம் வாசல் வைத்தால் வியாபாரம் கொழிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் வாசல் மாற்றிய கடைகள் பலவற்றில் இப்போது வாசல் மட்டும்தான் மிச்சம். விசிலைக் கையில் வாங்கினார், கண்ணை மூடினார், உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினார். பயிற்சியாளரின் ஆவி உள்ளே இருக்கிறது என்றார். விசில் சாமியார் பிறந்துவிட்டார்.

முறை எளிது. ஆட்டக்காரனின் ஜெர்சியை மேசையில் விரிப்பார்கள். சாமியார் கயிற்றைப் பிடித்து விசிலை மேலே தொங்கவிடுவார். வட்டமாகச் சுற்றினால் அவனை ஆட்டத்தில் இறக்கு. நேராக ஆடினால் உட்கார வை. அணித் தேர்வு முடிந்தது. எதிரணியின் ஆட்டத்தை வீடியோவில் பார்ப்பது, யார் களைத்திருக்கிறான், யாருக்கு வீட்டில் பிரச்சினை என்று விசாரிப்பது, இந்தத் தொல்லையெல்லாம் ஒரே நாளில் ஒழிந்தது.

ஊருக்கும் பைத்தியம் பிடித்தது. கிளப் வாசலில் விடிந்ததிலிருந்து கூட்டம். கல்யாணம் கூடுமா, வேலை கிடைக்குமா, மாமியார் போவாளா என்று கேட்க விசிலைத் தேடி வந்தார்கள். பயிற்சியாளர் உயிரோடு இருந்தபோது இவர்களில் பாதிப்பேர் அதே வாசலில் நின்று அவரை மடையன் என்று கத்தியவர்கள். செத்ததும் அவருக்கு அறிவு வந்துவிட்டது போலிருக்கிறது. கிளப் கடையில் சின்ன விசில்கள் விற்றன. தெருவெல்லாம் ஒரே ஊதல். நாய்களுக்குத்தான் யார் கூப்பிடுகிறார்கள் என்று புரியவில்லை.

நடுவில் தோல்விகளும் வந்தன. முதல் தோல்விக்குக் காரணம் புல்லைத் தப்பான திசையில் வெட்டியது. அடுத்ததற்கு, யாரோ ஒருவன் சந்தேகப்பட்டது. ஜெயித்தால் விசில், தோற்றால் நாம். இதைவிடச் சௌகரியமான உத்தியோகம் உலகத்தில் உண்டா?

பிசியோ எதுவும் பேசவில்லை. சொல்லப்போனால், சாமியார் முதல் தடவை விசிலைத் தொங்கவிட்டபோது அவளும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றாள். அது அசைந்தபோது அவள் கை தானாக நீண்டது. அந்த ஆசையை யார் குற்றம் சொல்வது? அந்த ஆசையில்தானே இந்தப் பிழைப்பே நடக்கிறது.

குதிரையின் முழங்கால்தான் அவளைப் பேச வைத்தது.

குதிரை என்பது அணியின் முன்கள ஆட்டக்காரனுக்குக் கூட்டம் வைத்த பெயர். முழங்காலுக்குள் தசைநார் கிழிந்து, தைத்து, அவள் கையில்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டிருந்தான். இப்போது இறங்கினால் மறுபடி கிழியும், அப்புறம் மாடிப்படிகூடக் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அரையிறுதி நெருங்கியது. குதிரையின் ஜெர்சிமேல் விசில் சுழன்றது, ஜோராகச் சுழன்றது. முதலாளி கைதட்டினார்.

அவள் நேராகத் துணைப் பயிற்சியாளரிடம் போனாள். பொறுப்பு இப்போது அவனிடம். நல்லவன், பயந்தவன்.

"நான் என்னக்கா பண்ணட்டும்? அண்ணனே சொல்லிட்டாரு," என்றான் தரையைப் பார்த்து.

"உங்க அண்ணன் உயிரோட இருந்தப்ப, காலைத் தொட்டுப் பாக்காம ஒருத்தனையும் இறக்கினதில்ல. செத்ததும் அவருக்கு அவ்வளவு அவசரமா?"

தோற்றால் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது என்ற பயம் அவன் முகத்தில் எழுதியிருந்தது. விசில் சொல்லிவிட்டால் நிம்மதி. விசிலை யாரும் வேலையை விட்டு நீக்க முடியாது.

அவள் முதலாளியிடம் பணிவாக ஒன்று கேட்டாள். எல்லா ஜெர்சியையும் சலவைப் பைகளில் போட்டுக் கட்டிவிடலாம். ஒரே மாதிரிப் பை, ஒரே மாதிரி முடிச்சு. விசில் அதிலிருந்து அணியை எடுக்கட்டும்.

"ஆவியைச் சோதிக்கக் கூடாதும்மா," என்றார் சாமியார்.

"இது சோதனை இல்லைங்க. பைக்குள்ள என்ன இருக்குன்னு நமக்குத்தான் தெரியாது. அவருக்குத் தெரியுமில்ல?"

முதலாளிக்கு யோசனை பிடித்துப்போனது. இன்னும் பெரிய அற்புதமல்லவா? பத்திரிகைக்காரர்களையும் கூப்பிட்டார். சாமியார் வெளியே காத்திருக்க, அவர்கள் கண்முன்னாலேயே சலவை அறையில் கிடந்ததையெல்லாம் அவள் பைகளில் போட்டுக் கட்டினாள், கலைத்தாள், அடையாளம் தெரியாமல் மறுபடி கலைத்தாள். பிறகு, தன் முகத்தைப் பார்த்து யாரும் படித்துவிட வேண்டாமென்று, கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

விசில் சுழன்றது, ஆடியது, சுழன்றது. தேர்ந்த பைகளை ஒரு பக்கமாக அடுக்கினார்கள். அவளைக் கூப்பிட்டுப் பிரித்தார்கள்.

முதல் பையில் கோல்கீப்பர். பலே என்றார் முதலாளி. அடுத்ததில் இன்னொரு கோல்கீப்பர். அதற்கடுத்ததிலும் கோல்கீப்பர். பிறகு எதிரணியின் ஜெர்சி ஒன்று, எப்போதோ ஆட்டம் முடிந்து மாற்றிக்கொண்டது. பிறகு முதலாளியின் உடற்பயிற்சித் துண்டு. அரையிறுதியில் துண்டு நடுக்களத்தில் ஆடுமா, ஓரத்திலா என்று ஒரு நிருபர் கேட்டார். முதலாளி அவரை முறைத்தார்.

வேண்டாமென்று விசில் ஒதுக்கிய பக்கத்தையும் பிரித்தார்கள். அங்கே கிடந்தது குதிரையின் ஜெர்சி. நேற்று இறக்கு என்றது, இன்று உட்கார வை என்கிறது. அதன் கீழ் இன்னொரு பை. அதில் ஒரு பழைய நீலச் சட்டை, கழுத்துப் பட்டையில் விசில் கயிறு உரசித் தேய்ந்த தடம். பயிற்சியாளர் கடைசிவரை போட்டிருந்த சட்டை. ஆவிக்குத் தன் சட்டையையே தெரியவில்லை.

"துவைச்சிட்டீங்கம்மா," என்றார் சாமியார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "சோப்பு வாசனை அவருக்கு ஆகல."

"அவர் துணியெல்லாம் நான் காலமெல்லாம் துவைச்ச அதே சோப்புதாங்க," என்றாள் அவள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அவர் போனபின் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. நிறுத்த முடியாமல் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

பார்த்த ஜெர்சிமேல் விசில் சுழன்றது, பார்க்காத ஜெர்சிமேல் தடுமாறியது. ஆட்டியது விரல், விரலை ஆட்டியது முதலாளிக்கு எது பிடிக்கும் என்ற கணக்கு. சாமியார் பின்வாசல் வழியாகப் போனார். எந்தப் பக்கம் வாசல் நல்லது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

துணைப் பயிற்சியாளர் உடைமாற்றும் அறைக்குள் போனான். அண்ணனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாரை நீக்கினாலும், அணிப் பட்டியல் சுவரில் ஏறுமுன் தானே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார். திட்டினால் கேட்டுக்கொள்வார். இவன் குதிரையின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீ இறங்கலடா. அண்ணன் சொல்லல, விசில் சொல்லல. நான் சொல்றேன். திட்டணும்னா என்னைத் திட்டு."

குதிரை நன்றாகவே திட்டினான். இவன் எழுந்திருக்காமல் கேட்டுக்கொண்டான். கதவருகே நின்ற பிசியோவுக்கு, அந்த அறையில் பயிற்சியாளர் என்று ஒருவர் மறுபடி இருப்பது தெரிந்தது.

அரையிறுதியில் தோற்றார்கள். கூட்டம் துணைப் பயிற்சியாளரை மடையன் என்று கத்தியது. அவன் வாங்கிக்கொண்டான். குதிரை தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனான். விசிலை நம்பி வந்தவர்களே, ஆட்டுகிற கை யாருடையது என்று ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருந்தால் இவ்வளவு ஊதல் எதற்கு?

முதலாளி விசிலைத் திருப்பிக் கொடுத்தார். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து, சாவிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். மாட்டுமுன் ஒருமுறை வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள்.

காத்துதான் வந்தது.