கம்பியில்லா மணியும் இடிச்சாமியும்

காஜா பேராங், மலாக்கா
14 அக்டோபர் 2603 (ஜப்பான்காரன் கணக்கு; வெள்ளைக்காரன் கணக்கில் 1943)

மதிப்பிற்குரிய பொன்னுதுரை மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகன் ஜெயபாலன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, தங்கை கோகிலா, நான் நாலு பேரும் உயிரோடு இருக்கிறோம். நேற்று மாலை கேட்டிருந்தால் உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்கள் என்று கரிவண்டி கருணாகரன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடுங்கள்.

கொல்லையில் நட்ட மரவள்ளியை எவனோ பிடுங்கிக்கொண்டே போனான். இப்போது எங்களுக்குச் சோறே அதுதான். அதனால் பாத்தியைச் சுற்றி நூல் கட்டி, கால் இடறினால் வீட்டுக்குள் மணி அடிக்கிற மாதிரி கம்பி இழுத்தேன். இரண்டாம் நாள் அந்தப் பயல் மரவள்ளியை விட்டுவிட்டுக் கம்பியைத் திருடிக்கொண்டு போய்விட்டான். எனக்கு வந்ததே கோபம்! கம்பியே இல்லாமல் அடிக்க வைக்கிறேன் பார் என்று, நீங்கள் கொடுத்த, வண்டிக்குப் பொறி கிளப்பும் பழைய மோட்டார்க் காயிலை ஒரு பாட்டரியோடு பாத்தியில் ஒளித்தேன். நூல் இடறினால் அதில் பொறி பறக்கும். சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பின்னால் பாட்டரி, மணி, உலோகத்தூள் போட்ட ஒரு கண்ணாடிக் குழாய். பொறி பறந்தால் அந்தத் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரம் ஓடும், மணி அடிக்கும், அந்த அதிர்விலேயே தூள் உதிர்ந்து அடங்கும். என்னை மடையன் என்று துரத்திய வாத்தியார் பார்க்க வேண்டும் மாமா.

ஆனால் பொறி பறந்தால் அக்கம்பக்கத்து ரேடியோவெல்லாம் கரகரக்கும் என்று எனக்குத் தெரியாது. தெருமுனை பங்களாவில் இருக்கும் ஜப்பான் அதிகாரிக்கு முந்தாநாள் தெரிந்துவிட்டது. வீட்டில் யாரும் இல்லாமல் நான் அரிசி வரிசையில் நின்ற நேரம், பக்கத்து வீட்டு ருக்மணியக்கா ஆடு நூலில் கால் மாட்டி அரை மணி நேரம் நின்றிருக்கிறது. அந்த அரை மணியும் அவருக்குத் தோக்கியோ செய்தி கேட்கவில்லை. எவனோ கள்ள ரேடியோவில் எதிரிக்குச் சேதி அனுப்புகிறான் என்று முடிவு கட்டிவிட்டார். போன மாதம் இதே குற்றத்துக்கு ஒருவரைக் கொண்டுபோனார்கள். அவர் செருப்பு மட்டும்தான் வீட்டுக்கு வந்தது.

நேற்று மாலை மழை இருட்டிக்கொண்டு வரும்போது, வீடு வீடாகச் சோதித்துக்கொண்டே அதிகாரி எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டார். கூடவே மொழிபெயர்க்கிற சுப்பையன். காயிலைப் புதைத்துவிட்டேன், மாடத்தைப் பிரிக்க நேரமில்லை. பெட்டி, பானை எல்லாம் கவிழ்த்துவிட்டு அந்த ஆள் முருகன் படத்துக்குக் கை நீட்டினார் மாமா. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அப்போது பளீரென்று ஒரு மின்னல். மின்னலும் பொறிதானே! படத்துக்குப் பின்னால் மணி கணகணவென்று அடித்தது.

கோகிலா தொப்பென்று தரையில் விழுந்து, "இடிச்சாமி!" என்று கத்தினாள். அம்மா கற்பூரம் கொளுத்தினாள். நான் மரம் மாதிரி நின்றேன்.

"கும்பிடுற மாதிரி மூஞ்சிய வைடா, கழுத!" என்று சுப்பையன் பல்லைக் காட்டிக்கொண்டே சொன்னார். "உன்ன வெட்டுற கத்தியிலயே என்னையும் வெட்டுவான்!" அப்புறம் ஜப்பான் பாஷையில் என்னவோ நீளமாக அளந்தார். இடி இடித்தால் இவர்கள் சாமி தானே மணி அடிக்கும், உடனே விழுந்து கும்பிட வேண்டும், வழக்கம் என்றாராம்.

அதிகாரி நீட்டிய கையை எடுத்துக்கொண்டு இடுப்பு வளையக் குனிந்தார். மழை முக்கால் மணி நேரம் விடவில்லை. மின்னல், மணி, எல்லாரும் விழு. மறுபடி மின்னல், மறுபடி விழு. பதினோராவது தடவை அப்பாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. "எந்திரிக்க முடியலடி சாரதா" என்று முனகினார். "அப்படியே கெடங்க, பக்தின்னு நெனச்சுக்குவான்" என்றாள் அம்மா.

அதிகாரி போனதும் அப்பா என்னை என்னவெல்லாம் சொன்னார் என்று எழுதினால் காகிதம் தாங்காது. எல்லாவற்றையும் குளத்தில் வீசிவிட்டேன். இனி கம்பி, காயில், பாட்டரி எதையும் தொடுவதில்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியமும் செய்தாயிற்று. "இவன் இருந்தா நான் இருக்க மாட்டேன்" என்கிறார் அப்பா. ஜாசினில் உங்கள் பட்டறையில் லாரி கழுவவாவது என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கமும், சின்னதுகளுக்குக் கோகிலாவின் முத்தமும். எல்லாரும் இரண்டு வேளையாவது சாப்பிட்டு நன்றாக இருக்க முருகன் துணை.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஜெயபாலன்

பின்குறிப்பு: இப்போதுதான் சுப்பையன் ஓடிவந்தார். நாளை மறுநாள் அதிகாரி தன் மேலதிகாரியைக் கூட்டிக்கொண்டு இடிச்சாமியைக் கும்பிட வருகிறாராம். மழை வந்தாலும் வராவிட்டாலும் மணி அடித்தே ஆக வேண்டும். நான் ஜாசினுக்கு வரவில்லை. அப்பா அந்தப் பிடித்த முழங்காலோடு குளத்தில் இறங்கிக் கண்ணாடிக் குழாயைத் தேடிக்கொண்டிருக்கிறார். காயிலுக்குள் தண்ணீர் போய்விட்டது, மின்னலுக்குப் பதில் பொறி விட வேறொன்று கருணாகரன் அண்ணனிடமே கொடுத்தனுப்புங்கள். பெரிய காயிலாகக் கேட்டு எழுதச் சொன்னது அப்பாதான்.