கன்டெய்னர் யார்டு டவுட்டு அண்ணன்

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று டவுட்டு அண்ணனிடம் சொன்னால், "நீ பாத்தியா?" என்பார். பார்த்தேன் என்றால், "இன்னிக்கா, நேத்தா?" என்பார்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு. நான் ஆபீஸ் கிளார்க். அண்ணனை முதலில் ஃபோர்க்லிஃப்ட்டில் உட்காரவைத்தார்கள். சரக்கைத் தூக்குவார், நாலடி போவார், தூக்கியது இருக்கிறதா என்று இறங்கி வந்து பார்ப்பார். மறுபடி ஏறுவார். கேன்டீனுக்கு மாற்றினார்கள். தட்டோடு வந்தவனை ஏற இறங்கப் பார்த்து, "நீ இப்பதானே துன்னுட்டுப் போனே?" என்றார். கைகலப்பு. சரி, போனாவது எடுக்கட்டும் என்று ரிசப்ஷனில் போட்டார்கள். அங்கேதான் வினை.

"நான் மேனேஜர் பேசறேன்."

"அத்த நான் எப்டி நம்பறது?"

"யோவ், என் குரல் தெரியல?"

"கொரல யார் வேணா மாத்தலாம் சார். உங்க டேபிள் மேல இன்னா கீது, சொல்லுங்க பாப்போம்."

மேனேஜர் வந்ததும் வராததுமாக, அண்ணனை வேலையைவிட்டு எடுக்கும் லெட்டரை அடிக்கச் சொன்னார். விஷயம் யார்டு முழுக்கப் பரவிவிட்டது. அண்ணனின் மூத்த பெண் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். எனக்கு விரல் ஓடவில்லை. "பிரிண்டர் ரிப்பேர் சார்" என்றேன். அடுத்த நாலு நாளும் அதே பொய்தான்.

கேட்டில் சீல் பார்ப்பவர் லீவு என்பதால், அந்த நாலு நாளும் அண்ணனை அங்கே நிறுத்தினார்கள். கன்டெய்னர் கதவில் பூட்டியிருக்கும் சீலின் நம்பரும் பேப்பரில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பார்த்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. அண்ணனுக்கு அவ்வளவுதான் என்று ஒன்று உண்டா? சீலை இழுப்பார், திருகுவார், நகத்தால் சுரண்டுவார். எண்ணூர் ரோடு வரைக்கும் லாரிகள் நின்றன. "இன்னா பேஜாரு மாமு இது!" என்று டிரைவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

நாலாம் நாள் ஒரு லாரியை விடவே மாட்டேன் என்று மறித்துவிட்டார். மேனேஜர் ஓடி வந்தார்.

"நம்பர் சரியா இருக்கு, சீலும் உடையல. அப்புறம் என்னய்யா?"

"சீலு சூப்பரா கீது சார். ஆனா பொட்டி பூரா துரு, இந்தக் கைப்பிடி ஆணி மட்டும் பளபளன்னு கீது. அதான் டவுட்டு."

போலீஸை வைத்துத் திறந்தார்கள். சீலைத் தொடாமல், அது பூட்டியிருந்த கைப்பிடியையே ஆணி கழற்றி எடுத்து, பாதிச் சரக்கை யாரோ வழியிலேயே இறக்கிவிட்டுப் புது ஆணி அடித்திருந்தார்கள்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "பிரிண்டர் ரெடியானதும் வேற லெட்டர் அடிங்க. இனிமே கேட் டூட்டி இவருக்குத்தான்." பிரிண்டர் அந்த நிமிஷமே ரெடியாகிவிட்டது. அந்த லெட்டரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் ஆறு வருஷம், சாயங்காலம் நான் வெளியே போகும்போதெல்லாம் என் காலி டிபன் பாக்ஸை அண்ணன் திறந்து பார்க்காமல் விட்டதில்லை. மாதவரம் பக்கம் வேறு வேலை கிடைத்து, கடைசி நாள் கிளம்பினேன். பழக்கத்தில் நானே மூடியைத் திறந்து நீட்டினேன். அவர் அதை மூடினார்.

"இன்னாண்ணா, செக் பண்ணல?"

"அந்த நாலு நாளும் பிரிண்டரு நல்லாத்தானே ஓடிச்சு, நைனா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனுக்கு அன்னிக்கே டவுட்டு" என்று என் தோளைத் தட்டினார். இருவருக்குமே கண் கலங்கிவிட்டது.

புது ஆபீஸ் கேட்டில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. ஒருமுறையாவது யாராவது என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கமாட்டார்களா என்று இருக்கிறது.