பொரி மாஸ்டரின் உட்கார்ந்த யானை

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள். கடைக்கு வருகிறவர்களையே நிமிர்ந்து பார்த்துப் பேசாதவளுக்குப் பத்திரிகையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பொரி மாஸ்டரைப் பற்றி வேறு யாரும் எழுதக் காணோம், அவ்வளவுதான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூர் முழுவதும் தேடினாலும், கழுத்து ஒடியாத கேக் செய்யத் தெரிந்தவர் அந்தக் காலத்தில் அவர் ஒருவர்தான்.

எண்பதுகளின் நடுவில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கேக் கடை. நான் கவுண்டர். அவர் பின்னால் அடுப்படியில். எனக்கு இருபத்தேழு வயது, அவருக்கு முப்பத்தைந்து இருக்கும். ஒருமுறை அவர் செய்த முயல் கேக்கின் தலை, பிறந்தநாள் பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போதே கழன்று, மெழுகுவத்தியை அணைத்துவிட்டு உருண்டு போனதாம். அன்றிலிருந்து தலை, கை, காது எதையும் கேக்கில் செய்வதில்லை என்று சபதம்.

"கேக்குக்கு எலும்பு வேணும்லா!" என்பார்.

எலும்பு என்றால் பொரி. பூஜை சாமான் கடையில் மூட்டையாக வாங்கி, ஈரம் போக வறுப்பார். வெண்ணெயில் மார்ஷ்மெல்லோ மிட்டாயை உருக்கி, பொரியைக் கொட்டிக் கிளறுவார். சூடு ஆறுவதற்குள் கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு அழுத்தி அழுத்தித் தலை பிடிப்பார். நடுவில், இறைச்சி கோத்துச் சுடுகிற சாத்தே குச்சி. இறுகியதும் மேலே சர்க்கரை மாவு போர்த்தினால் கன்னம், மூக்கு எல்லாம் வந்துவிடும். அந்த வெண்ணெய்க் கையால் எந்தக் கதவையும் திறக்க முடியாது. "கதவு!" என்று கத்துவார். நாள் முழுக்க நான் ஓடி ஓடிக் கதவு திறப்பேன்.

செய்த தலையைச் சோதிக்காமல் கொடுக்கமாட்டார். மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்து, குழியாகத் தேடிப் பார்த்து ஓட்டுவார். ஒருநாள் கூடையில் சர்க்கரை போர்த்தாத மொட்டைத் தலையோடு போனவரைப் போலீஸ்காரர் நிறுத்தி, யாருடைய தலை என்று கேட்டிருக்கிறார். இவர் பணிவாக, "பெலும் சியாப், என்சிக்" என்றாராம். இன்னும் முடியவில்லை ஐயா!

கடைக்கு வரும் பெண்கள் எல்லாரும் அவருக்குத் 'தங்கச்சி'. என்னை மட்டும் அப்படிக் கூப்பிடமாட்டார். பெயரும் சொல்லமாட்டார். "இந்தாங்க" என்பார். அந்த ஒரு 'இந்தாங்க'வை வைத்துக்கொண்டு நான் மூன்று வருடம் ஓட்டினேன்.

கிள்ளானில் ஒரு லோரி முதலாளி, மகனின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு யானை கேக் கேட்டார். அவருடைய தம்பி ஷா ஆலமில் ஒரு ஹோட்டலில் சமையல்கட்டு மேனேஜர்.

"யானை நல்லா இருந்தா என்னைய அங்க எடுத்துக்குவாராம்" என்றார் மாஸ்டர், என்னைப் பார்க்காமல்.

"நல்லது மாஸ்டர்" என்றேன், பன்னைப் பார்த்துக்கொண்டு.

யானை உட்கார்ந்திருந்தது. உடம்பு கேக், தலையும் தும்பிக்கையும் காலும் பொரி. ஞாயிற்றுக்கிழமை கடை வேனில் அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டேன். கிள்ளான் வரைக்கும் குழி. ஒரே ஒரு குழியில் கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், அவர் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே இருந்துவிடுவார். கை மரத்துப் போகும்வரை பிடித்திருந்தேன்.

யானை முழுசாகப் போய்ச் சேர்ந்தது. மஞ்சள் துணி விரித்த மேசையில் வைத்தோம். லோரி முதலாளியின் அத்தை வந்து பார்த்தார். சம்மணம் போட்ட யானை, மஞ்சள் துணி.

"உள்ள என்னப்பா இருக்கு?"

"எல்லாம் பொரிதான்மா!" மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பொரியா! பிள்ளையாரப்பா!" அத்தை செருப்பைக் கழற்றினார். யானை நெற்றியில் குங்குமம் வைத்தார். பின்னால் நின்றவர்களும் செருப்பைக் கழற்றினார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அத்தை, கேக்கு அத்தை! வெட்டணும்!" என்றார் லோரி முதலாளி.

"கத்தியத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன். சாமியடா!"

பிறந்தநாள் பையன் தரையில் புரண்டு அழுதான். மேனேஜர் தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாஸ்டர் வியர்த்துப்போய் நின்றார். தலை ஒடிந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். தலையைக் கும்பிட்டால்?

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். மூடிக்கொண்டு நிற்பதுதான் என் வழக்கம்.

"மாஸ்டர், வேன்ல மிச்சப் பொரி இருக்கு. சூடு பண்ணி ஒரு பந்து பிடிங்க" என்றேன். அத்தனை பேருக்கும் கேட்டுவிட்டது. காது சுட்டது.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்த வீட்டு அடுப்படிக்கு ஓடினார். கால் மணி நேரத்தில் யானையின் காலடியில் ஒரு பந்து. சர்க்கரை மாவில் கழுத்துக்குச் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு துண்டு, சிலாங்கூர் கால்பந்து ஆட்டக்காரர் மாதிரி. நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது.

அத்தை சுற்றிச் சுற்றி வந்தார். "பந்து ஆடுற பிள்ளையார நான் பார்த்ததில்ல."

"சாமி இல்லம்மா, கோல்கீப்பர்!" என்றார் மாஸ்டர்.

"அப்ப சரி. முதுகுப் பக்கமா வெட்டுங்க. மூஞ்சியத் தொடக்கூடாது."

மேனேஜர் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாஸ்டரின் தோளில் தட்டி, "நாளைக்கே வர்றீங்களா பாஸ்?" என்றார்.

திரும்பும்போது நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். பிடித்துக்கொள்ளத் தும்பிக்கை இல்லை. பாதி தூரம் வந்தோம். பிறகு அவர் கேட்டார்: "நாளைக்கே வரச் சொல்றாங்க. போகட்டுமா?"

கடை முதலாளியிடம் கேட்க வேண்டியதை ஏன் என்னிடம் கேட்டார் என்று முப்பது வருடமாக யோசிக்கிறேன்.

"போங்க மாஸ்டர்" என்றேன்.

கடை வாசலில் இறங்கும்போது சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பொரிப் பந்தை எடுத்தார். "இதை யாரும் தின்னல. இந்தாங்க." அவர் கையில் வெண்ணெய் இல்லை, ரெண்டும் காலியாகத்தான் இருந்தது. இருந்தும் கடைக் கதவைப் பார்த்து, மெதுவாக, "கதவு" என்றார். திறந்துவிட்டேன்.

பந்தைப் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன். எறும்பு கண்டுபிடித்த பிறகும் கொஞ்ச நாள் வைத்திருந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. கடை எட்டு மணிக்குத் திறந்தது. 'பேக்கர் தேவை' என்று முதலாளி வாசலில் அட்டை தொங்கவிட்டார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னைத்தான் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.