பர்வதிக் குன்றில் ஒருவேளை விரதம்

செங்கல் ஒன்றின்மேல் இருபத்தெட்டு யுகங்களாக நிற்பவனே, ஒருமுறையேனும் கால் மாற்றி நிற்க எண்ணாதவனே, இடுப்பில் இரு கைகளையும் ஊன்றிப் பக்தர் வரும் வழியையே பார்த்திருக்கும் பண்டரிநாதனே! உன்னை வணங்கி, என் மானம் போன கதையைச் சொல்லத் தொடங்குகிறேன். நின்றே பழகிய உனக்கு, நடக்க முடியாதவனின் துயரம் விளங்குமோ என்றோர் ஐயம் எனக்கு உண்டு. விளங்கும் என்றே நம்பி மேலே செல்கிறேன்.

அடியேன் பெயர் திகம்பர் ஷிதோளே. புணே நகரத்தான். வயது அறுபத்து நான்கு. சென்ற ஆண்டு எடை தொண்ணூற்று மூன்று கிலோ.

ஆண்டுதோறும் பண்டரிபுரத்துக்கு இருபது நாள் பாடி நடக்கும் எங்கள் கூட்டத்திற்குத் திண்டி என்று பெயர். தின்பதற்கும் அச்சொல்லுக்கும் தொடர்பில்லை என்பர் அறிந்தோர். என்னைக் கண்டோர் அப்படிச் சொல்வதில்லை.

சென்ற ஆண்டு திவே மலைப்பாதையில், பாதி ஏற்றத்தில், என் கால்கள் இரண்டும் என்னிடம் விடைபெற்றுக்கொண்டன. பாத்திரங்கள் செல்லும் லாரியில் என்னையும் ஏற்றினார்கள். என் தர்மபத்தினி யமுனா, தலையில் துளசி மாடத்தைச் சுமந்து பாடிக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தாள். நான் உருளைக்கிழங்கு மூட்டைமேல் அமர்ந்து அவளைக் கடந்து போனேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்களையா கும்பிட்டேன்? லாரியில எங்க ராத்திரி சாப்பாடு போச்சுங்க" என்று பின்னர் விளக்கினாள்.

திண்டியின் தலைவர் கேசவ மகராஜ். எங்களுக்குள் எல்லோரும் எல்லோருக்கும் 'மாவுலி', அதாவது தாய். தாயே என்று அழைத்தபடியே அவர் என் தலையில் இடியை இறக்கினார்.

"மாவுலி, மழை இறங்கறதுக்குள்ள நம்ம ஊர் பர்வதிக் குன்றை நிக்காம ரெண்டு தடவை ஏறிக் காட்டுங்க. காட்டினா வரிசையில நடக்கலாம். இல்லேன்னா லாரியிலேயே உங்களுக்குன்னு ஒரு நாற்காலி போட்டுடறேன்."

நாற்காலி! முப்பத்தோராண்டு நடந்தவனுக்கு நாற்காலி! அன்றே சங்கற்பம் செய்தேன். பகல் முழுதும் நீர் மட்டும். பொழுது சாய்ந்தபின் ஒரே வேளை உணவு. காலையும் மாலையும் குன்றின் நூற்று மூன்று படிகள். காற்றைப் புசித்துத் தவம் செய்த முனிவர்களைப் பற்றி நாற்பது ஆண்டுகளாகப் படித்து உருகியவன் நான். காற்றும் பர்வதிக் குன்றில் நிறையவே வீசுகிறது.

யமுனா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நடையைக் கூட்டிக்கிட்டு சோத்தைக் குறைக்கறீங்களா? மாட்டுக்குப் புல்லை நிறுத்திட்டு ரெண்டு ஏக்கர் கூட உழச் சொன்னா அது என்ன பண்ணும்?"

"என்னை மாடுங்கறியா?"

"சேச்சே. மாடு மலை ஏறிடும்."

"யமுனா!"

"குறைங்க, வேணாங்கல. கொஞ்சம் கொஞ்சமா, நேரத்துக்கு நேரம் சாப்பிட்டுக் குறைங்க. நாங்க பொம்பளைங்க தலையில சுமையோட ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் நடக்கறோமே, எப்படி? மடியில கடலையும் வெல்லமும் இருக்குல்ல. வயித்தைக் கேட்டுக்கிட்டுத்தாங்க கால் நடக்கும்."

"இது தவம். தவம் பண்றவன் மடியில கடலை இருக்கக் கூடாது."

"அப்ப சரி. பண்ணுங்க."

மூன்றாம் நாள். அறுபதாம் படி. குன்றின்மேல் ஒன்றாக இருந்த கோயில் கோபுரம் இரண்டாயிற்று. இரண்டையும் வணங்கிவிட்டுக் கீழே இறங்கினேன். அடிவாரத்தில் ஹௌசாபாய் என்னும் புண்ணியவதி வெங்காய பஜி பொரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு தட்டு. பிறகு அனுமனைப் போல நாற்பது படி தாவினேன். நாற்பத்தோராம் படியில் கும்பகர்ணன் ஆனேன். விழித்தபோது, யாரோ என்னைப் பரதேசி என்று எண்ணி அருகில் ஒரு வாழைப்பழம் வைத்துப் போயிருந்தார்கள். அதையும் தின்றேன்.

வீட்டில் யமுனா என் துண்டை முகர்ந்தாள். "என்னங்க எண்ணெய் வாசம்?"

"கோயில் விளக்கு."

"விளக்குல வெங்காயம் போட்டாங்களா?"

நான் துண்டைப் பிடுங்கித் துவைக்கப் போட்டேன். அவள் மேலே கேட்கவில்லை. முப்பத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் அவள் மேலே கேட்காமல் விட்டது அதுவே முதல் முறை. நான் அஞ்சியிருக்க வேண்டும். மகிழ்ந்தேன்.

மறுநாள் அடிவாரத்தில் ஹௌசாபாயைக் காணோம். தவித்தபடி படியேறினால், உச்சியில் ஒரு கூடையுடன் அமர்ந்திருக்கிறாள்.

"கீழ ஒரே வெயிலு, மாவுலி. மேல காத்து வருது."

"பஜி எங்கம்மா?"

"அதை விட்டுட்டேன். முளைகட்டின பயறு உசள் இருக்கு. சோள பாக்கரி இருக்கு. மோர் இருக்கு."

"இது வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கே!"

"வீட்ல உங்களுக்குக் கிடைக்குதா?"

கிடைக்காது. நானே தடை விதித்திருந்தேன். பயற்றுக் குழம்பைச் சோள ரொட்டியில் தோய்த்து உண்டேன். தேவாமிர்தம். இன்னொரு பாக்கரிக்குக் கை நீட்டினேன்.

"அவ்வளவுதான். பதினோரு மணிக்கு வாங்க, வேர்க்கடலை அவிச்சு வெக்கறேன். இந்தாங்க, இந்தப் பொட்டலத்துல வறுகடலையும் வெல்லமும் இருக்கு. நாளைக்கு ஏறறதுக்கு முன்ன வாயில போட்டுக்கோங்க."

அன்று முதல் என் திருட்டு, கோயில் பூசையைப் போல் காலம் தவறாமல் நடந்தது. காலையில் ஒன்று. பதினொன்றுக்கு ஒன்று. நான்கு மணிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நூற்று மூன்று படிகள். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு பொய். பிரார்த்தனை என்றேன். அபிஷேகம் என்றேன். குடையை உச்சியில் மறந்துவிட்டேன் என்றேன்.

"அடடா, போய் எடுத்துட்டு வாங்க" என்பாள் யமுனா. ஒரு நாள் நான் வீட்டிலேயே இருந்தபோது, "ஏங்க, மணி நாலாகுது. இன்னிக்கு எதையும் மறக்கலையா?" என்று அவளே நினைவூட்டினாள். பாவம், கள்ளமற்ற பெண் என்று உள்ளுக்குள் இரங்கினேன்.

மூன்று மாதத்தில் எடை எண்பத்து நான்கு ஆயிற்று. தலைசுற்றல் இல்லை. பகல் தூக்கம் இல்லை. விரதம் முறித்தவனுக்கு விரதத்தின் பலனைத் தருகிறாயே, இறைவா, என்று சந்நிதியில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வெளியே வந்து, கண்டவரிடமெல்லாம் ஒருவேளை உணவின் மகிமையை விரித்துரைத்தேன்.

சோதனை நாள் வந்தது. யமுனா உட்படத் திண்டியில் முப்பது பேர் உச்சியில் கூடியிருந்தார்கள்; ஓரமாகக் கூடையுடன் ஹௌசாபாய். ஏறினேன், இறங்கினேன், மீண்டும் ஏறினேன். மூச்சு வாங்கவில்லை. கேசவ மகராஜ் குனிந்து என் பாதத்தைத் தொட்டார்.

"மாவுலி, உங்க தவம் பெரிசு. இந்த வருஷம் திண்டி முழுக்க உங்க வழிதான். இருபது நாளும் பகல்ல வெறும் தண்ணி, ராத்திரி ஒரு வேளை. எப்படின்னு நீங்களே சொல்லிக் குடுங்க."

எதிரே மத்தளம் சுமக்கும் கிழவர். துளசி சுமக்கும் பெண்கள். என் பொய்யை நம்பினால், திவே மலைப்பாதையில் இவர்கள் அத்தனை பேரும் இரண்டு கோபுரங்களைக் காண்பார்கள். அங்கே கோபுரமே கிடையாது. உண்மையைச் சொன்னாலோ எனக்கு நாற்காலி. கண்ணை மூடினேன். இடுப்பில் கை வைத்தவன் தெரிந்தான். கண்ணைத் திறந்தேன். இடுப்பில் கை வைத்தவள் தெரிந்தாள்.

"மகராஜ், நான் திருடன். ரெண்டு நாளுக்கு மேல விரதம் இருக்கல. இதோ இந்தம்மாகிட்ட தினம் மூணு வேளை ஒளிஞ்சு தின்னேன். என் பேச்சைக் கேட்டு யாரும் பட்டினி கிடக்காதீங்க. நான் லாரியிலயே வரேன்."

ஹௌசாபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"என்னங்க திருட்டு?" என்றாள் யமுனா. "விடிகாலை எழுந்து பயறு வேக வெச்சவ நான். பாக்கரி தட்டினவ நான். ஹௌசாபாய் கூடையில தூக்கிட்டு வந்தா. உங்க வீட்டுச் சோத்தை நீங்க மலையேறி வந்து சாப்பிட்டீங்க. இதுல திருட்டு எங்க இருக்கு?"

"அப்ப நான் இருந்த தவம்?"

"நீங்க பாட்டுக்குத் தவத்துல இருந்தீங்க. நான் பாட்டுக்கு அடுப்படியில இருந்தேன்."

மகராஜைப் பார்த்தேன். "அப்போ எனக்கு லாரியா?"

"ஏறின கால் ஏறினதுதானே? முதல் வரிசையில நடங்க" என்றார் அவர். பிறகு என் காதருகே குனிந்தார்.

"வியாழக்கிழமை உசள் மட்டும் நம்ம வீட்டுது, மாவுலி. உப்பு சரியா இருந்துச்சா?"

இதைக் கேட்டவர் எவராயினும், காலத்தில் பசித்து, அளவோடு உண்டு, ஏற்றங்களில் களைப்பறியாது நடப்பீராக. உம்மை உமக்கே தெரியாமல் காக்கும் ஒருவர் உம் இல்லத்திலும் நீடு வாழ்வாராக. பண்டரிநாதன் அருள் செய்க.